பிளக் பொருந்துகிறது, போர்டு புகைகிறது: பேட்டரி கனெக்டரைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அதன் ஓரத்தில் வெள்ளை நிறத்தில் இரண்டு பின் சாக்கெட். தனியாக வாங்கிய லித்தியம் பேட்டரியின் வயர் முனையிலும் அதே வெள்ளை பிளக். தள்ளினால் கச்சிதமாக உட்காருகிறது. அடுத்த நொடி சார்ஜிங் சிப்பிலிருந்து புகை வருகிறது. போர்டை விற்றவரும் பேட்டரியை விற்றவரும் 'ஜேஎஸ்டி 2.0' என்றுதான் போட்டிருந்தார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸில் இறங்கும் பலரும் முதல் சில மாதங்களிலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. கனெக்டரின் பெயர் அதன் உருவத்தை மட்டும்தான் சொல்கிறது. எந்த வயர் பிளஸ், எவ்வளவு மின்னோட்டம் தாங்கும், எத்தனை முறை கழற்றி மாட்டலாம் என்பதெல்லாம் அந்தப் பெயரில் இல்லை. அதையெல்லாம் நாம்தான் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனெக்டர் ஒரு சின்ன மின்தடை

வயர் என்பது தொடர்ச்சியான உலோகம். கனெக்டர் அப்படி இல்லை. இரண்டு தனி உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கின்றன. பார்வைக்கு முழுதாகத் தொடுவதுபோல் இருக்கும்; உண்மையில் மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் சில மட்டுமே தொடுகின்றன. மின்னோட்டம் மொத்தமும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துப் போகிறது. அதனால் வரும் தடையைத் தொடுதடை என்று வைத்துக்கொள்வோம்.

அளவு மிகச் சிறியதுதான். மேலே சொன்ன வெள்ளை கனெக்டரில் புதிதாக இருக்கும்போது ஒரு பின்னுக்கு அதிகபட்சம் 10 மில்லிஓம், உழைத்துத் தேய்ந்தபின் 20 மில்லிஓம் என்பது தயாரிப்பாளர் தரும் வரம்பு. ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு. இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது என்பதுதான் கவலை. பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து 40 மில்லிஓம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்:

1. 0.2 ஆம்பியர்: 0.0016 வாட். ஒன்றுமே இல்லை.
2. 2 ஆம்பியர்: 0.16 வாட். லேசான சூடு, தாங்கும்.
3. 5 ஆம்பியர்: 1 வாட். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு வாட் என்பது தொட முடியாத சூடு.
4. 10 ஆம்பியர்: 4 வாட். பிளாஸ்டிக் இளகி உருகும்.

சூடேறினால் அதோடு நிற்பதில்லை. உள்ளே ஸ்பிரிங் போல அழுத்திக்கொண்டிருக்கும் உலோக நாக்கு சூட்டில் தளர்கிறது. வெள்ளீயப் பூச்சு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தொடுதடை ஏறுகிறது, அதனால் சூடு இன்னும் ஏறுகிறது. 'போன வாரம் வரை நன்றாகத்தான் ஓடியது' என்று கருகிய கனெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்பவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

சூடே ஏறாத சின்ன மின்னோட்டத்திலும் தடை வேறு விதத்தில் காலை வாரும். வைஃபை உள்ள ஒரு போர்டு, சிக்னல் அனுப்பும் கணத்தில் 0.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். பேட்டரியிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்கு 28 கேஜ் என்ற மெல்லிய வயர். போக வர 60 செ.மீ., அதாவது சுமார் 0.13 ஓம். கனெக்டரில் 0.04. நடுவில் ஒரு மலிவு ஸ்லைடு ஸ்விட்ச், ஒரு ஸ்பிரிங் வைத்த பேட்டரி ஹோல்டர், இரண்டிலும் சேர்த்து இன்னொரு 0.13 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 0.3 ஓம். 0.5 ஆம்பியரில் 0.15 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரி 3.6 வோல்ட்டில் இருந்தால் போர்டுக்குக் கிடைப்பது 3.45. அதில் வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டருக்கு மேலே 0.2 வோல்ட் இடைவெளி தேவை என்றால், வேண்டியது 3.5. போர்டு ரீசெட் ஆகிவிடும். பேட்டரியில் இன்னும் சார்ஜ் மிச்சம் இருக்கலாம். ஆனால் நாம் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்போம்.

முதலில் சில சொற்கள்

1. பிட்ச்: ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரையுள்ள தூரம், மில்லிமீட்டரில்.
2. ஹவுசிங்: வெளியே தெரியும் பிளாஸ்டிக் கூடு. இதில் மின்சாரம் போவதில்லை. பிடித்துக்கொள்வதும், தலைகீழாகப் போகாமல் தடுப்பதும்தான் இதன் வேலை.
3. டெர்மினல்: கூட்டுக்குள் இருக்கும் உலோகத் துண்டு. வயர் இதில்தான் இணைகிறது.
4. ஆண், பெண்: நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பின் ஆண், அதை வாங்கிக்கொள்ளும் குழி பெண். இதை உலோகத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் கூட்டைப் பார்த்தால் சில மாடல்களில் தலைகீழாகத் தெரியும், ஆர்டர் போடும்போது தவறு நடப்பது அங்கேதான்.
5. கேஜ்: வயரின் தடிமன் எண். எண் கூடினால் வயர் மெலியும். மூன்று எண் இறங்கினால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

'ஜேஎஸ்டி' ஒரு கனெக்டரின் பெயர் இல்லை

ஜேஎஸ்டி என்பது ஜப்பானைச் சேர்ந்த ஒரு நிறுவனம். பெயரின் விரிவு 'ஜப்பான் சால்டர்லெஸ் டெர்மினல்'. சால்டர் தேவைப்படாத டெர்மினல் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அதன் டெர்மினலில் சால்டரை உருக்கி ஊற்றுகிறோம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

இந்த நிறுவனம் நூற்றுக்கணக்கான வரிசைகளைத் தயாரிக்கிறது. 'ஜேஎஸ்டி கனெக்டர் வேண்டும்' என்று கேட்பது, செருப்புக் கடையில் பிராண்டு பெயரை மட்டும் சொல்லி அளவைச் சொல்லாமல் நிற்பது போல. பொழுதுபோக்குக்காரர்கள் கையில் அடிக்கடி சிக்குபவை இவை:

1. எஸ்ஹெச்: பிட்ச் 1.0 மி.மீ., 1 ஆம்பியர். சென்சார் கேபிள்களுக்கு. பேட்டரிக்கு வேண்டாம்.
2. ஜிஹெச்: 1.25 மி.மீ., 1 ஆம்பியர். கொக்கிப் பூட்டு உண்டு.
3. இசட்ஹெச்: 1.5 மி.மீ., 1 ஆம்பியர்.
4. பிஹெச்: 2.0 மி.மீ., 24 கேஜ் வயரில் 2 ஆம்பியர். கட்டுரையின் தொடக்கத்தில் புகை கிளப்பியது இதுதான். ஒற்றை செல் லித்தியம் பேட்டரிகளில் அதிகம் காணப்படுவதும் இதுவே.
5. எக்ஸ்ஹெச்: 2.5 மி.மீ., 22 கேஜ் வயரில் 3 ஆம்பியர். பல செல் பேட்டரிகளின் பேலன்ஸ் பிளக் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்க உதவும் சின்ன பிளக்) பெரும்பாலும் இது.
6. ஆர்சிஒய்: 2.5 மி.மீ., 3 ஆம்பியர். சின்ன ரிமோட் விமானங்களில் வரும் சிவப்பு இரண்டு பின் பிளக். இதையும் வெறுமனே 'ஜேஎஸ்டி' என்றே விற்பார்கள்.
7. விஹெச்: 3.96 மி.மீ., 16 கேஜ் வயரில் 10 ஆம்பியர்.

இந்தப் பட்டியலில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. 'ஜேஎஸ்டி 1.25' என்று விற்கப்படும் பிளக் பல சமயம் ஜிஹெச் இல்லை. மோலெக்ஸ் நிறுவனத்தின் பிக்கோபிளேடு, அல்லது அதன் நகல். பிட்ச் ஒன்றுதான், ஆனால் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. அடுத்தது, எக்ஸ்ஹெச்சின் பிட்ச் 2.5, ப்ரெட்போர்டின் பிட்ச் 2.54. இரண்டு பின்னுக்கு வித்தியாசமே தெரியாது. பத்துப் பின் என்றால் கடைசிப் பின் 0.36 மி.மீ. தள்ளிப் போயிருக்கும், உள்ளே நுழையாது.

ஆம்பியர் எண்ணோடு கேஜ் எண்ணையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிஹெச்சில் 2 ஆம்பியர் என்பது அது ஏற்கும் மிகத் தடித்த வயரான 24 கேஜில் கிடைக்கும் அளவு. மலிவு பேட்டரிகளில் வரும் முடிபோன்ற 28 கேஜ் வயரோடு அதே 2 ஆம்பியரை எதிர்பார்க்கக் கூடாது. டெர்மினலின் வெப்பத்தில் ஒரு பகுதி வயர் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயர் மெலிந்தால் அந்த வழியும் குறுகுகிறது.

எது பிளஸ் என்று யார் முடிவு செய்தது?

யாருமில்லை. பிஹெச் வெறும் வயர் கனெக்டர். அச்சுப்பொறி, பொம்மை, விசிறி என்று எதற்குள்ளும் இருக்கும். முதல் பின்னில் பிளஸ் வர வேண்டும் என்று அதன் தரவுத்தாள் எங்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு போர்டு தயாரிப்பாளரும் தமக்கென்று ஒரு திசையை வைத்துக்கொண்டார்கள். பேட்டரி கட்டித் தரும் தொழிற்கூடங்களும் அப்படியே. ஒரே நிறுவனத்தின் போர்டும் பேட்டரியும் ஒத்துப்போகும். ஆளுக்கொரு இடத்தில் வாங்கினால் அதிர்ஷ்டம்தான் துணை.

ஹவுசிங் தலைகீழாகப் போகாது என்ற தைரியம் இங்கே உதவாது. அது பிளக்கைத் தலைகீழாகச் செருகுவதைத்தான் தடுக்கிறது. வயர்களே இடம் மாறியிருந்தால் அதற்கு என்ன தெரியும்?

ஆகவே, புதிய பேட்டரி கைக்கு வந்ததும்:

1. பிளக்கையும் போர்டையும் பக்கத்தில் வைத்து, செருகும் நிலையிலேயே பாருங்கள். போர்டில் பிளஸ் குறி எந்தப் பக்கம், பேட்டரியின் சிவப்பு வயர் எந்தப் பக்கம்?
2. நிறத்தை நம்பி நிறுத்த வேண்டாம். மல்டிமீட்டரின் முனைகளைப் பிளக்கின் திறந்த வாயில் வைத்து அளவுங்கள். முழு சார்ஜில் 4.2, சாதாரணமாக 3.7 வோல்ட் பக்கம் காட்டும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் வந்தால் கறுப்பு முனை வைத்திருக்கும் இடம்தான் பிளஸ். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.
3. போர்டில் குறி இல்லையென்றால், பேட்டரி இல்லாமல், மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துப் பாருங்கள். சாக்கெட்டின் எந்தப் பின் கிரவுண்டோடு சேர்ந்து பீப் அடிக்கிறதோ, பெரும்பாலான போர்டுகளில் அது மைனஸ்.

திசை மாறியிருந்தால் வயரை வெட்ட வேண்டியதில்லை. ஹவுசிங்கின் பக்கவாட்டில் சின்ன ஜன்னல்கள் தெரியும். அதற்குள் டெர்மினலின் உலோகக் கொக்கி மாட்டியிருக்கும். ஊசி நுனியால் கொக்கியை மெதுவாக அமுக்கிக்கொண்டே வயரைப் பின்னால் இழுத்தால் டெர்மினல் வெளியே வந்துவிடும். அது வெளியே வந்ததுமே உயிரோடு இருக்கும் பேட்டரி முனை, மறக்க வேண்டாம். உடனே அதை ஒரு துண்டு டேப்பில் சுற்றிவிட்டு அப்புறம் அடுத்ததை எடுங்கள். திரும்பச் செருகுமுன் அமுங்கிப்போன கொக்கியை ஊசியால் கொஞ்சம் நிமிர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்காது, முதல் இழுப்பிலேயே வயர் கையோடு வரும்.

சொந்தமாக போர்டு வடிவமைப்பவர்கள், பயனர் எப்போதாவது மாற்றிச் செருகத்தான் போகிறார் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பது நல்லது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஷாட்கி டையோடு ஒன்றைப் போட்டால் சுமார் 0.3 வோல்ட் இழப்பு. ஒற்றை செல் பேட்டரியில் அது பெரிய இழப்புதான். அதே வேலையைச் செய்ய பி-சேனல் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டால் இழப்பு மிகக் குறைவு.

ஆம்பியர் ஏறும்போது: எக்ஸ்டி குடும்பமும் மற்றவையும்

மோட்டார் வந்துவிட்டால் வெள்ளை பிளக்குகளை ஒதுக்கிவிட வேண்டும். மோட்டார் ஓடும்போது இழுப்பது ஒரு அளவு, சக்கரம் எதிலாவது சிக்கி நிற்கும்போது இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. கனெக்டர் இரண்டாவதைத் தாங்க வேண்டும்.

இன்று இந்த இடத்தைப் பிடித்திருப்பது அமாஸ் நிறுவனத்தின் மஞ்சள் எக்ஸ்டி வரிசை. எக்ஸ்டி30இல் 2 மி.மீ. உருளைப் பின்கள், எக்ஸ்டி60இல் 3.5 மி.மீ., எக்ஸ்டி90இல் 4.5 மி.மீ. பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். எக்ஸ்டி60 தொடர்ந்து தாங்குவது 30 ஆம்பியர். 60 என்பது குறுகிய நேரத்துக்கு. எக்ஸ்டி30க்கு 15, எக்ஸ்டி90க்கு 45. பெயரில் பாதியை எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நகல்களில் அந்தப் பாதியையும் முழுதாக நம்ப முடியாது.

இந்த வரிசையின் பெரிய பலம், பிளஸ் மைனஸ் குறி கூட்டிலேயே அச்சாகியிருப்பது. வடிவமும் ஒருபுறம் சரிவாக இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. குறியை மதித்து சால்டர் செய்தால் யாருடைய பேட்டரியும் யாருடைய கருவியிலும் போகும். பிஹெச்சில் இல்லாமல் போன ஒழுங்கு இங்கே இருக்கிறது.

டீ-பிளக் எனப்படும் டீன்ஸ் வகை தட்டையான தகடுகளை வைத்து வேலை செய்கிறது. நல்லதில் குறை சொல்ல முடியாது, ஆனால் கழற்ற விரல் வலிக்கும். இசி3, இசி5 வகைகளும் உருளைப் பின்கள்தான். ஆண்டர்சன் பவர்போல் தனி ரகம்: ஆண் பெண் வித்தியாசமே இல்லை, ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒரே கூட்டுக்குள் 15, 30, 45 ஆம்பியர் டெர்மினல்களில் எதையும் போடலாம். மேசைமேல் நிற்கும் கருவிகளுக்கும் வானொலிக்காரர்களுக்கும் இது வசதி. பறக்கும் கருவிக்குப் பருமன் அதிகம். பழைய ரிமோட் கார்களின் டாமியா பிளக்கை இன்றைய மோட்டார்களோடு மாட்டினால் இளகிப்போகும். வந்த உடனேயே மாற்றிவிடுவது உத்தமம்.

எதை எடுத்தாலும் ஒரு விதி மாறாது: பேட்டரியின் பக்கம் பெண் டெர்மினல்தான் வர வேண்டும். பேட்டரி எப்போதும் உயிரோடு இருக்கிறது. அதன் முனையில் உலோகப் பின் நீட்டிக்கொண்டிருந்தால், பைக்குள் ஒரு சாவி உரசினால் போதும். 2200 மில்லிஆம்பியர்-மணி, 25சி என்று எழுதியிருந்தால், 2.2ஐப்போல 25 மடங்கு, அதாவது 55 ஆம்பியர் வரை அந்தப் பேட்டரி தரும் என்று அர்த்தம். ஷார்ட் ஆனால் அதற்கும் மேலே போகும்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய ஸ்பீடு கன்ட்ரோலர்களில் மாட்டும்போது 'டப்' என்று ஒரு பொறி வருவது பேட்டரி கோளாறு இல்லை. உள்ளே காலியாக இருக்கும் கப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புகின்றன. ஒவ்வொரு பொறியும் பின்னின் நுனியில் ஒரு குழியைப் பறிக்கும். எக்ஸ்டி90-எஸ் என்ற வகையில் இதற்கென்றே ஒரு மின்தடை உள்ளேயே இருக்கிறது. முதல் தொடுதலில் மின்னோட்டம் அது வழியாக மெதுவாகப் போய், முழுதாகச் செருகியதும் நேர்வழி திறக்கும்.

பேட்டரிக்குப் பயன்படுத்தக் கூடாதவையும், பழைய நண்பர்களும்

3.5 மி.மீ. ஆடியோ ஜாக்கைப் பேட்டரிக்கு வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது அதன் முனை இரண்டு தொடுமுனைகளையும் சேர்த்து உரசிவிட்டுப் போகும். 'டூபாண்ட்' என்று அழைக்கப்படும் கறுப்பு ஜம்பர் கனெக்டரும் வேண்டாம். பூட்டு இல்லை, எந்தத் திசையிலும் போகும், ஆடினால் கழன்று விழும்.

உருளை டிசி ஜாக்கில் வெளி விட்டம் 5.5 மி.மீ. என்பது பொதுவானது, உள் பின் 2.1 அல்லது 2.5 மி.மீ. என இரண்டு ரகம். 2.5 பிளக்கை 2.1 சாக்கெட்டில் செருகினால் போகும், ஆனால் தொளதொளவென்று தொட்டும் தொடாமலும் இருக்கும். மையம் பிளஸ் என்பது வழக்கம்தான். கிட்டார் பெடல்களில் மையம் மைனஸ்.

9 வோல்ட் பேட்டரியின் ஸ்னாப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பேட்டரியில் சின்ன வட்டம் பிளஸ், பெரியது மைனஸ். தீர்ந்துபோன பேட்டரியின் தலையைப் பிரித்தெடுத்து வயர் சால்டர் செய்து கிளிப்பாகப் பயன்படுத்துவது நல்ல சிக்கன வழி. ஆனால் சின்னது எதிரே உள்ள பெரியதோடுதான் சேரும். ஆகவே கிளிப்பாக மாறியதும் பெரிய வட்டத்தில்தான் சிவப்பு வயர் வர வேண்டும். பழைய பேட்டரியில் இருந்த குறியை அப்படியே பின்பற்றினால் தலைகீழாகிவிடும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது: ஒரு சின்ன ரோபோவை வைத்து

இரண்டு மோட்டார், ஒரு போர்டு, இரண்டு செல் லித்தியம் பேட்டரி என்று ஒரு ரோபோ. ஒரு மோட்டார் சிக்கி நின்றால் 2.5 ஆம்பியர் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது என்று கொள்வோம்.

1. மோசமான நிலையைக் கூட்டுங்கள். சுவரில் முட்டினால் இரண்டும் ஒன்றாக நிற்கும்: 5 ஆம்பியர். போர்டுக்கு அரை. மொத்தம் 5.5.
2. கனெக்டரின் தொடர் அளவில் பாதி, அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்குக்குள் அது அடங்க வேண்டும். பிஹெச், எக்ஸ்ஹெச், ஆர்சிஒய் மூன்றும் அவுட். எக்ஸ்டி30 தாராளமாகப் போதும். எக்ஸ்டி60ம் வேலை செய்யும், ஆனால் இந்த அளவு ரோபோவில் அது வீண் பாரம்.
3. வயரைப் பாருங்கள். குறுகிய தூரத்துக்கு 18 கேஜ் போதும். எக்ஸ்டி30இன் சிறிய கிண்ணத்துக்குள் அதற்குமேல் தடித்த வயர் சிரமப்பட்டுத்தான் நுழையும்.
4. எத்தனை முறை கழற்றுவீர்கள்? தினமும் சார்ஜ் செய்யக் கழற்றுவதென்றால் கையில் நன்றாகப் பிடிபடும் கூடு வேண்டும். பிஹெச் போன்றவை கருவிக்குள் ஒருமுறை மாட்டி மூடிவிடுவதற்கானவை. அவற்றைத் தினமும் பிடுங்கினால், அதுவும் வயரைப் பிடித்து இழுத்தால், சீக்கிரமே தளர்ந்துவிடும்.
5. மேசையில் ஏற்கெனவே இருக்கும் கனெக்டர்களைப் பாருங்கள். வேறு வோல்டேஜுக்கு எக்ஸ்டி30 வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இதற்கு வேறொன்று. 5 வோல்ட் கருவிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் ஒரே பிளக் இருந்தால், ஒரு நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் அது நடந்தே தீரும்.
6. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். கனெக்டர் தாங்கும் என்பது வேறு, ஷார்ட் ஆனால் வயர் எரியாமல் இருப்பது வேறு.

பேட்டரியின் பேலன்ஸ் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்து ரோபோவை ஓட்டலாமே என்று தோன்றும். அந்த வயர்கள் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்க்கவும் சமன்படுத்தவும் மட்டுமே. செல் எண்ணிக்கையைவிட ஒரு பின் கூடுதலாக இருக்கும்: மூன்று செல் என்றால் நான்கு பின்.

கிரிம்ப்: இதில்தான் பலரும் தோற்கிறார்கள்

கிரிம்ப் என்பது சால்டர் இல்லாமல், டெர்மினலைக் கருவியால் அழுத்தி வயரைப் பிடிக்கவைப்பது. பிஹெச், எக்ஸ்ஹெச் டெர்மினலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பின்புறம் இரண்டு ஜோடி சிறகுகள் இருக்கும். முன் ஜோடி சின்னது, வெற்றுச் செம்பு இழைகளைப் பிடிக்க. பின் ஜோடி உயரமானது, வயரின் உறையைப் பிடிக்க. மின்சாரம் போவது முன் ஜோடி வழியாக. இழுவையைத் தாங்குவது பின் ஜோடி. இரண்டுக்கும் வேலை வேறு என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1. உறையைச் சுமார் 2 மி.மீ. மட்டும் உரியுங்கள். இழைகளில் ஒன்றுகூட அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கவும் வேண்டாம், சால்டர் பூசவும் வேண்டாம்.
2. டெர்மினலைக் கருவியின் சரியான பல்லில் வைத்து, விழாத அளவுக்கு மட்டும் லேசாகப் பிடியுங்கள்.
3. வயரை நுழையுங்கள். உறையின் விளிம்பு இரண்டு ஜோடி சிறகுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். முன் சிறகுக்குள் உறை புகுந்தால் பிளாஸ்டிக்கைத்தான் நசுக்குவீர்கள்; பார்க்க அழகாக இருக்கும், மின்சாரம் போகாது.
4. முழுதாக அழுத்துங்கள். ராட்செட் கருவி என்றால் அதுவாக விடும் வரை.
5. சோதனை. முன் சிறகுகளின் நுனி இரண்டும் உள்ளே சுருண்டு இழைகளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இழைகளின் நுனி முன்பக்கம் மயிரிழை அளவு எட்டிப் பார்க்கலாம். வயரை விரலால் இழுத்தால் அசையக் கூடாது.
6. ஹவுசிங்கில் தள்ளுங்கள். கொக்கி மாட்டும் சின்னச் சத்தம் கேட்கும். மறுபடி ஒருமுறை மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

சரியான அழுத்தத்தில் செம்பு இழைகளும் டெர்மினலும் ஒன்றோடொன்று இறுகி, இடையில் காற்றுகூடப் புகாத நிலை வருகிறது. காற்று புகாவிட்டால் ஆக்சிஜனேற்றம் இல்லை. வருடக்கணக்கில் தடை மாறாது. சாதாரணக் குறடால் நசுக்கினால் இந்த நிலை வராது. தட்டையாகும், இடைவெளி இருக்கும்.

அதைச் சரிக்கட்டத்தான் பலர் மேலே ஒரு சொட்டு சால்டர் வைக்கிறார்கள். உருகிய சால்டர் இழைகளுக்குள் ஊறி உறைக்கு அடியில் வரை ஓடுகிறது. அதுவரை நெகிழ்வாக இருந்த வயர் அந்தப் புள்ளி வரை கம்பியாக விறைக்கிறது. அதிர்வு வரும்போது விறைப்பு முடியும் இடத்தில் மடங்கி மடங்கி அங்கேதான் அறுகிறது, உறைக்குள், கண்ணுக்குத் தெரியாமல். இன்னொரு பக்கம் முன்னே ஓடினால் டெர்மினலின் ஸ்பிரிங் நாக்கே உறைந்துபோகும். நல்ல கிரிம்ப்புக்கு சால்டர் வேண்டாம். கெட்ட கிரிம்ப்பை சால்டர் காப்பாற்றாது.

கருவி விலை அதிகம் என்றால், ஏற்கெனவே கிரிம்ப் செய்த வயர்களை வாங்கி ஹவுசிங்கில் செருகிக்கொள்வது கௌரவக் குறைவில்லை. வருடத்துக்கு நாலைந்து கனெக்டர் செய்பவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம். வாங்கும்போது சிலிக்கோன் வயரின் உறைத் தடிமனை மட்டும் கவனியுங்கள். பிஹெச் டெர்மினலின் பின் சிறகு சுமார் 1.5 மி.மீ. விட்டம் வரைதான் பிடிக்கும்.

எக்ஸ்டி60ஐ சால்டர் செய்தல்

இங்கே கதை நேர்மாறு. இதன் கிண்ணங்கள் சால்டருக்காகவே செய்யப்பட்டவை. பிரச்சினை வெப்பம். உருளைப் பின்னும் தடித்த வயரும் சேர்ந்து வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சின்ன கூர்முனை அயர்னை அரை நிமிடம் வைத்திருந்தால் சால்டர் உருகுமுன் கூடு இளகிவிடும். 60 வாட்டும் அகன்ற உளி முனையும் வேண்டும். சூடாக, சீக்கிரமாக முடிக்க வேண்டும்.

1. சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை வயரில் முதலில் நுழையுங்கள். எல்லாம் முடிந்தபின் அது மேசையில் கிடப்பதைப் பார்க்காதவர் யாரும் இல்லை.
2. எதிர்த் துண்டை மாட்டியபடியே சால்டர் செய்யுங்கள். கூடு இளகினாலும் பின்கள் நேராகவே நிற்கும். அந்த எதிர்த் துண்டில் பேட்டரி இருக்கக் கூடாது.
3. வயர் முனையில் ரோசின் ஃப்ளக்ஸ் தடவி முழுதாக சால்டர் பூசுங்கள். கிண்ணத்திலும் பாதி நிரப்புங்கள். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் கூடவே கூடாது. செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.
4. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் அயர்னை வைத்து, உள்ளே உருகியதும் வயரை இறக்குங்கள். அயர்னை எடுத்தபின் சால்டர் உறையும் வரை கை அசையக் கூடாது.
5. ஆறியபின் ஹீட் ஷ்ரிங்கை ஏற்றிச் சுருக்குங்கள்.

பேட்டரியின் வயரில் செய்வதென்றால் ஒரே நேரத்தில் ஒரு வயர்தான். பழைய பிளக்கை நீக்கக் கத்தரியால் இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரியே ஷார்ட். சிவப்பை வெட்டி, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு முடித்தபின்தான் கறுப்பைத் தொட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் கனெக்டரைச் சோதிப்பது

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் 20 மில்லிஓமைப் பார்க்க முடியாது. அதன் முனை வயர்களின் தடையே அதைவிட அதிகம். வேறு வழி இருக்கிறது. கருவியை ஓடவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பக்கச் சிவப்பு வயரின் டெர்மினலிலும், மற்றொன்றை அதே சிவப்பு வயரின் கருவிப் பக்கத்திலும் வையுங்கள். அதாவது மாட்டிய கனெக்டரின் இரு பக்கமும். 1 ஆம்பியர் ஓடும்போது 20 மில்லிவோல்ட் காட்டினால் 20 மில்லிஓம், பரவாயில்லை. 100 காட்டினால் அது கருகப்போகும் கனெக்டர். வயரை ஆட்டும்போது எண் தாவினால் கோளாறு பெரும்பாலும் கிரிம்ப்பில். கூட்டை ஆட்டும்போது தாவினால் டெர்மினலின் நாக்கு தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் துடைத்துப் பயனில்லை. டெர்மினலை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.